திரையில் இருப்பது உங்கள் குறிப்புதானா? மருத்துவமனைக் கணினித் திட்டங்களில் பதிவேட்டு அலுவலரின் பங்கு

அரசு மருத்துவமனையில் ஓ.பி. சீட்டைத் தொலைத்துவிட்டால் என்ன ஆகும் என்று நம் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். "மறுபடியும் முதல்ல இருந்து எல்லாத்தையும் சொல்லணும்" என்பார்கள். என்ன மாத்திரை சாப்பிட்டோம், போன வருஷம் எடுத்த எக்ஸ்ரேயில் என்ன வந்தது, எந்த ஊசி ஒத்துக்கொள்ளவில்லை என எல்லாமே அந்தச் சீட்டில்தான் இருக்கும்.

இப்போது நிலைமை மாறிக்கொண்டு வருகிறது. க்யூ.ஆர். கோடை ஸ்கேன் செய்தால் டோக்கன் வருகிறது. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வரும் தன்னார்வலர் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்துச் செயலியில் பதிவு செய்கிறார். கர்ப்பிணிகளுக்கு ஆர்.சி.எச். எண், விரும்புவோருக்கு 14 இலக்க ஆபா எண், ஆய்வக முடிவுக்கு எஸ்.எம்.எஸ். எனக் கையில் இருக்கும் போனிலேயே பாதி வேலை முடிகிறது.

சரி, டாக்டர் பார்க்கும் திரையில் இருப்பது உங்கள் குறிப்புதான் என்பதை யார் உறுதி செய்கிறார்கள்? கணினி தானாகச் செய்துவிடும் என்று நினைத்தால் அது தவறு. அதற்கென்று ஒரு தொழில் இருக்கிறது, அதற்குப் படிப்பும் இருக்கிறது. இந்தப் பாடத்தில் அந்த வேலையைப் பற்றியும், புதிய மென்பொருள் வரும்போது அந்த வேலை தெரிந்தவர் ஏன் முதல் நாளிலிருந்தே உடன் இருக்க வேண்டும் என்பதைப் பற்றியும் பார்ப்போம்.

யார் இந்தப் பதிவேட்டு அலுவலர்?

பெரிய மருத்துவமனைகளில் எம்.ஆர்.டி. என்று ஒரு பிரிவு இருக்கும். மருத்துவப் பதிவேட்டுப் பிரிவு என்பதன் சுருக்கம் அது. டிஸ்சார்ஜ் ஆன நோயாளியின் கேஸ் ஷீட் அங்கேதான் போய்ச் சேரும். கேஸ் ஷீட்டில் எல்லாப் பக்கமும் இருக்கிறதா, டாக்டர் கையெழுத்து இருக்கிறதா, நோயின் பெயர் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறதா என்று சரிபார்ப்பது அங்கே பணிபுரியும் மருத்துவப் பதிவேட்டு அலுவலரும் நுட்பநர்களும்தான். விபத்து வழக்குக்கு ஏ.ஆர். நகல், காப்பீட்டுக்கு டிஸ்சார்ஜ் சம்மரியின் நகல், இறப்புக்கான காரணச் சான்று என்று நாம் அலையும்போது கடைசியில் போய் நிற்கும் இடமும் அதுதான்.

பேப்பர் கணினியாக மாறியபோது இந்த வேலையும் மாறியது. பதிவேடுகளை அடுக்கிக் காப்பவர் என்ற நிலையிலிருந்து, 'சுகாதாரத் தகவல் மேலாளர்' என்று உலகம் முழுக்க அழைக்கப்படும் நிலைக்கு அது வளர்ந்திருக்கிறது. நோயாளியின் தகவல் சரியாகப் பதிவாவது, தேவைப்படும்போது கிடைப்பது, தேவையில்லாதவர் கைக்குப் போகாமல் இருப்பது ஆகிய மூன்றுக்கும் பொறுப்பு அவரே.

இது நேற்று வந்த யோசனை இல்லை. மருத்துவமனைகள் எல்லாம் ஒரே மாதிரியான படிவத்தில் புள்ளிவிவரம் எழுத வேண்டும் என்று ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1860களிலேயே வலியுறுத்தினார். அமெரிக்காவில் கிரேஸ் வைட்டிங் மையர்ஸ் என்ற பெண்மணியின் தலைமையில் 1928ல் பதிவேட்டுப் பணியாளர்களுக்கென்று ஒரு சங்கம் உருவானது. நம் பக்கத்தில் புதுச்சேரி ஜிப்மரும் வேலூர் சி.எம்.சி.யும் இந்தத் துறைக்கான படிப்பையும் பயிற்சியையும் நடத்தி வந்திருக்கின்றன.

திண்டுக்கல் மண்ணில் ஒரு பழைய பாடம்

திண்டுக்கல்லில் இருந்து மதுரை போகிற வழியில், சின்னாளபட்டிக்குப் பக்கத்தில் காந்திகிராமம் இருக்கிறது. டாக்டர் டி.எஸ்.சௌந்தரமும் ஜி.ராமச்சந்திரனும் 1947ல் தொடங்கியது. அங்கிருந்து 1959ல் ஆத்தூர் வட்டாரக் கிராமங்களுக்கென்று ஒரு முன்னோடிச் சுகாதாரத் திட்டம் ஆரம்பிக்கப்பட்டது. 1964ல் அது கிராமிய சுகாதாரம், குடும்ப நலத்துக்கான தனி நிறுவனமாக வளர்ந்தது. அப்போது திண்டுக்கல் தனி மாவட்டம்கூட இல்லை. மதுரை மாவட்டத்தில்தான் இருந்தது. தனி மாவட்டமானது 1985ல்.

ஆத்தூரில் நடந்த குடும்ப நலப் பணி பின்னாளில் நாட்டின் பல இடங்களிலும் பேசப்பட்டது. அதில் நாம் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ஒரு வட்டாரத்தில் பிறப்பு விகிதம் குறைந்தது என்று சொல்ல வேண்டுமென்றால், முதலில் அங்கே நடக்கும் பிறப்புகள் ஒன்று விடாமல் பதிவாக வேண்டும். வீட்டுக்கு வீடு போய் எழுதும் செவிலியரின் ரிஜிஸ்டர் சரியாக இல்லையென்றால், எவ்வளவு நல்ல திட்டமாக இருந்தாலும் அது பலித்ததா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது.

இன்றைக்கு அதே ஆத்தூர் பக்கத்துக் கிராமத்தில் கிராம சுகாதாரச் செவிலியர் தகவலைக் கணினியில் ஏற்றுகிறார். கருவி மாறிவிட்டது. ஆனால் முதல் பதிவு சரியாக இருக்க வேண்டும் என்ற தேவை மாறவில்லை. சொல்லப்போனால் கூடிவிட்டது. நோட்டில் இருந்த பிழை அந்த நோட்டோடு நின்றது. கணினியில் ஏறும் பிழை சென்னை வரைக்கும் போகும்.

திண்டுக்கல் நகரத்துக்கு இப்போது அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. 2022 ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டில் ஒரே நேரத்தில் திறந்துவைக்கப்பட்ட 11 மருத்துவக் கல்லூரிகளில் அதுவும் ஒன்று. வேடசந்தூர், நத்தம், நிலக்கோட்டை, ஒட்டன்சத்திரம் பக்கங்களிலிருந்து மேல்சிகிச்சைக்கு வருகிறவர்கள் இங்கே வருகிறார்கள். இன்னும் மேலே போக வேண்டுமென்றால் மதுரை. ஆக ஒரே நோயாளியின் குறிப்பு ஆரம்ப சுகாதார நிலையம், வட்ட மருத்துவமனை, மருத்துவக் கல்லூரி என்று மூன்று, நான்கு இடங்களில் உருவாகிறது. இவை எல்லாம் ஒரே ஆளுடையவை என்று கணினிக்கு எப்படித் தெரியும்?

பாடம் 1: நம் பெயரும் கணினியின் கட்டமும்

ஓர் உதாரணத்துக்குப் பழனிச்சாமி என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். பழனி முருகன் இருக்கிற மாவட்டம் இது. ஓ.பி.யில் நின்று "பழனிச்சாமி" என்று கூப்பிட்டால் குறைந்தது மூன்று பேர் எழுந்து வருவார்கள்.

அந்தப் பெயரை ஒருவர் 'பழனிச்சாமி' என்று எழுதுவார், இன்னொருவர் 'பழனிசாமி' என்பார், அவசரத்தில் 'பழனி' என்று மட்டும் போடுகிறவரும் உண்டு. ஆங்கிலத்தில் எழுதும்போது எழுத்துக்கூட்டு இன்னும் நாலைந்து விதமாகப் பிரியும். வயதைக் கேட்டால் "அறுபது இருக்கும்" என்பார். அடுத்த முறை வரும்போது 62 என்று பதிவாகும்.

இனிஷியல் இன்னொரு சிக்கல். நம் ஊரில் குடும்பப் பெயர் வைக்கும் வழக்கம் கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்துதான் இனிஷியல். கல்யாணத்துக்குப் பிறகு பல பெண்களுக்கு அது கணவர் பெயரின் எழுத்தாக மாறிவிடும். வெளியூரில் தயாரான மென்பொருளில் 'முதல் பெயர்', 'கடைசிப் பெயர்' என்று இரண்டு கட்டங்கள் இருந்து, இரண்டையும் நிரப்பினால்தான் அடுத்த பக்கம் போகும் என்றால் என்ன செய்வார்கள்? ஒருவர் இனிஷியலைப் போடுவார், ஒருவர் அப்பா பெயரை முழுசாகப் போடுவார், ஒருவர் வெறும் புள்ளியை வைத்துவிட்டுப் போவார். விளைவாக, ஒரே ஆளுக்கு மூன்று எண்கள் உருவாகும்.

இதில் இரண்டு வகைப் பிழை உண்டு.

ஒன்று, இரட்டைப் பதிவு. ஒரே ஆளுக்கு இரண்டு எண். பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்ற குறிப்பு பழைய எண்ணில் இருக்கும். டாக்டர் இன்று திறந்து பார்ப்பது புது எண். அந்தக் குறிப்பு இருந்தும் பயனில்லை.

இன்னொன்று, கலந்த பதிவு. இரண்டு பேருடைய தகவல் ஒரே எண்ணில் சேர்ந்துவிடுவது. இது அதைவிட ஆபத்து. ஒருவருடைய ரத்த வகையோ ஆய்வு முடிவோ இன்னொருவர் பெயரில் வந்து நிற்கும். பார்க்கிற டாக்டருக்குச் சந்தேகம் வரவும் காரணம் இருக்காது.

பதிவேட்டு அலுவலரின் அனுபவம் இங்கேதான் உதவுகிறது. புது எண் கொடுக்கும் முன் பழைய பதிவு இருக்கிறதா என்று தேடுவதைக் கட்டாயமாக்குவார். பெயரோடு இன்னும் ஓர் அடையாளத்தைக் கேட்கச் சொல்வார். குறைந்தது இரண்டு அடையாளங்களைக் கொண்டு நோயாளியை உறுதி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் 2007லேயே பரிந்துரைத்திருக்கிறது. போன் எண்ணை மட்டும் நம்பக்கூடாது என்பதும் அவருக்குத் தெரியும். பேரனின் எண்ணைத்தான் தாத்தா, பாட்டி, அம்மா மூன்று பேருக்கும் கொடுத்திருப்பார்கள்.

நான்குவழிச்சாலையில் விபத்து நடந்து, நினைவில்லாத ஒருவரை 108ல் கொண்டுவந்தால் 'பெயர் தெரியாதவர்' என்றுதான் பதிவாகும். இரண்டு நாள் கழித்து உறவினர் வந்து பெயர் சொல்வார்கள். அந்தப் பதிவை அவருடைய உண்மையான பதிவோடு எப்போது, யாருடைய அனுமதியோடு சேர்ப்பது? இதற்கான விதியை மென்பொருள் எழுதுகிறவரால் தனியாக யோசிக்க முடியாது. தினமும் அதைச் செய்கிறவரைக் கேட்டால்தான் தெரியும்.

பாடம் 2: 12 இலக்கம், ஒரு குழந்தையின் வாழ்க்கை

பதிவு ஏன் சரியாக இருக்க வேண்டும் என்பதற்குப் பிக்மி தளத்தைவிட நல்ல உதாரணம் கிடையாது. கர்ப்பமானதும் பெயரைப் பதிவு செய்தால் 12 இலக்க ஆர்.சி.எச். எண் கிடைக்கும். தமிழ்நாட்டில் 2017 முதல் குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கு இந்த எண் கேட்கப்படுகிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கும் இதுவே அடிப்படை.

இப்போது அடுத்த கண்ணியைப் பாருங்கள். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தில் 2023ல் செய்த திருத்தம் அந்த ஆண்டு அக்டோபர் 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பிறகு பிறக்கும் குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல் போன்றவற்றுக்குப் பிறந்த தேதிக்கான ஆதாரம் பிறப்புச் சான்றிதழ்தான்.

அதாவது, ஆரம்ப சுகாதார நிலையத்தில் அம்மாவின் பெயர் பதிவாவதிலிருந்து குழந்தை பள்ளியில் சேர்வது வரை ஒரே சங்கிலி. முதல் கண்ணியில் அம்மாவின் பெயரில் ஓர் எழுத்து மாறினால், அதைத் திருத்த அப்பா வேலையை விட்டுவிட்டு அலைய வேண்டியிருக்கும். மில் வேலைக்குப் போகிறவருக்கு ஒரு நாள் லீவு என்றால் ஒரு நாள் சம்பளம்.

அதனால்தான் இரண்டு துறைகளின் மென்பொருள்களை இணைக்கும்போது பதிவேட்டு அனுபவம் உள்ளவர் கேட்கும் முதல் கேள்வி, "தப்பு வந்தா யார் திருத்துவாங்க? எங்கே போய்த் திருத்தணும்?" என்பதாக இருக்கும். இணைப்பு வேலை செய்தால் போதும் என்று நினைக்கிறவர்கள் இந்தக் கேள்வியை மறந்துவிடுவார்கள்.

பாடம் 3: ஒரு நோய்க்கு ஒரு குறியீடு

ஒரு டாக்டர் 'சுகர்' என்று எழுதுவார். இன்னொருவர் 'டி.எம்.' என்பார். மூன்றாமவர் நோயின் முழுப் பெயரையும் எழுதுவார். மனிதருக்கு மூன்றும் ஒன்றுதான். கணினிக்கு மூன்றும் வேறு. அதனால் உலக சுகாதார நிறுவனம் ஒவ்வொரு நோய்க்கும் ஒரு குறியீடு வகுத்திருக்கிறது. அந்த வகைப்பாட்டின் 10ஆம் பதிப்பில் இரண்டாம் வகைச் சர்க்கரை நோய்க்கு 'இ11', உயர் ரத்த அழுத்தத்துக்கு 'ஐ10'. 11ஆம் பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்திருக்கிறது. கேஸ் ஷீட்டைப் படித்துச் சரியான குறியீட்டைப் போடுவது பதிவேட்டுப் பிரிவின் முக்கியமான வேலை.

இதனால் நமக்கு என்ன? பாம்புக்கடியை எடுத்துக்கொள்ளுங்கள். தோட்டம், வயல் என்று இருக்கும் நம் பகுதியில் இது தூரத்து விஷயம் இல்லை. கட்டுவிரியன் பெரும்பாலும் ராத்திரியில், தூங்கும்போது கடிக்கும். பல நேரம் தடமே தெரியாது. காலையில் வயிற்றுவலி என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். முதலில் எழுதப்படும் சீட்டில் 'வயிற்றுவலி' என்றுதான் இருக்கும். பிறகு விஷக்கடி என்று தெரிந்து விஷமுறிவு மருந்து கொடுத்து ஆளைக் காப்பாற்றியிருப்பார்கள். ஆனால் கணினியில் முதலில் போட்டது அப்படியே இருந்துவிட்டால், அந்த மருத்துவமனையின் கணக்கில் ஒரு பாம்புக்கடி குறைந்துபோகும்.

தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை, அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. எங்கே எவ்வளவு பேர் கடிபடுகிறார்கள் என்று தெரிந்தால்தான் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் எத்தனை குப்பி விஷமுறிவு மருந்து வைப்பது என்று திட்டமிட முடியும். விட்டுப்போன ஒவ்வொரு பதிவும் அந்தத் திட்டத்தில் ஒரு பள்ளம். டிஸ்சார்ஜ் ஆகும்போது கேஸ் ஷீட்டை முழுக்கப் படித்து, கடைசியில் உறுதியான நோய் எது என்று பார்த்து 'டி63.0' என்ற பாம்பு விஷத்துக்கான குறியீட்டைப் போடுகிறவரின் வேலை எவ்வளவு பெரியது என்று இப்போது புரிகிறதா?

மென்பொருளிலும் இதற்கு இடம் இருக்க வேண்டும். முதலில் எழுதிய நோயையும் கடைசியில் உறுதியான நோயையும் தனித்தனியாகப் பதிவு செய்ய இரண்டு கட்டங்கள் வேண்டும். ஒரே கட்டம் போதும் என்று வடிவமைத்துவிட்டால் பிறகு மாற்றச் செலவும் ஆகும், நாளும் ஆகும்.

பாடம் 4: யார் பார்க்கலாம், யார் பார்க்கக்கூடாது?

எல்லாருடைய குறிப்பையும் எல்லாரும் பார்க்க முடிகிற மென்பொருள் வசதியானதுதான். ஆனால் பாதுகாப்பானது இல்லை. சின்ன ஊரில் டோக்கன் கொடுக்கிறவர் பக்கத்துத் தெருக்காரராக இருக்கலாம். ஒரு பெண்ணின் கருக்கலைப்பு விவரமோ, ஒருவருடைய காசநோய், எச்.ஐ.வி., மனநலச் சிகிச்சை விவரமோ அவர் கண்ணில் படவேண்டிய தேவை என்ன? டோக்கன் கொடுக்கிறவருக்குப் பெயரும் வயதும் பிரிவும் போதும். மருந்தகத்தில் இருப்பவருக்கு மருந்துச் சீட்டும் ஒவ்வாமை விவரமும் போதும். இப்படி யாருக்கு எது என்று பட்டியல் போடுவதும், யார் எந்தக் குறிப்பை எப்போது திறந்தார் என்ற தடத்தை அவ்வப்போது சோதிப்பதும் தகவல் மேலாளரின் வேலை.

ஆபா எண்ணைப் பொறுத்தவரை ஒரு விஷயம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அது கட்டாயம் இல்லை, உங்கள் விருப்பம். எண் இருந்தாலும், ஒரு மருத்துவமனையில் உள்ள உங்கள் குறிப்பை இன்னொரு மருத்துவமனை பார்க்க உங்கள் சம்மதம் தேவை. எந்தக் குறிப்பு, எத்தனை நாளுக்கு என்று சொல்லவும், கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும் செயலியில் வழி இருக்கிறது. 'சரி' என்று அழுத்தும் முன் என்ன கேட்கிறார்கள் என்று படித்துவிடுங்கள்.

பாடம் 5: சர்வர் நின்றால் வைத்தியம் நிற்கக்கூடாது

2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகள் இணையத் தாக்குதலால் முடங்கின. நாட்டின் மிகப் பெரிய மருத்துவமனைகளில் ஒன்றில், பதிவு, பில், ஆய்வக முடிவு எல்லாவற்றையும் பல நாட்கள் பேனாவாலும் பேப்பராலும் செய்ய வேண்டியிருந்தது.

நம் ஊருக்கு அவ்வளவு பெரிய தாக்குதல்கூட வேண்டாம். ஒரு மழை, ஒரு கரண்ட் கட், ஒரு நெட் பிரச்சினை போதும். அந்த நேரத்தில் பேப்பர் படிவம் எங்கே இருக்கிறது, தற்காலிக எண் எப்படிக் கொடுப்பது, கணினி மறுபடி வந்ததும் அந்த நாலு மணி நேரப் பதிவை யார் உட்கார்ந்து ஏற்றுவது? இதற்கெல்லாம் எழுதி வைத்த நடைமுறை வேண்டும். பேப்பர் காலத்தையும் கணினிக் காலத்தையும் இரண்டையும் பார்த்தவர் எம்.ஆர்.டி.யில்தான் இருப்பார். அந்த நடைமுறையை எழுத அவரைவிடப் பொருத்தமானவர் இல்லை.

திட்டத்தில் அவர் எப்போது வர வேண்டும்?

இதுதான் இந்தப் பாடத்தின் மையம். பொதுவாக மென்பொருள் எல்லாம் தயாராகி, கம்ப்யூட்டர் வந்து இறங்கிய பிறகு, "இதை எப்படிப் பயன்படுத்துறதுன்னு ரெண்டு நாள் பயிற்சி" என்றுதான் பதிவேட்டுப் பணியாளர்களைக் கூப்பிடுவார்கள். அது தாமதம்.

இங்கிலாந்து இதை அதிக விலை கொடுத்துக் கற்றுக்கொண்டது. நாடு முழுக்க எல்லாருக்கும் மின்னணு மருத்துவக் குறிப்பு என்று 2002ல் ஒரு மாபெரும் திட்டத்தைத் தொடங்கினார்கள். பல நூறு கோடி பவுண்டு செலவான பிறகு 2011ல் அதைக் கலைப்பதாக அறிவித்தார்கள். மேலிருந்து திணிக்கப்பட்டது, அன்றாடம் பயன்படுத்துகிறவர்களின் பேச்சைப் போதுமான அளவு கேட்கவில்லை என்பது அதன் மீது வைக்கப்பட்ட முக்கியமான குறைகளில் ஒன்று.

ஆகவே, ஒரு மருத்துவமனைக் கணினித் திட்டத்தில் ஒவ்வொரு கட்டத்திலும் அவருக்கு வேலை இருக்கிறது:

1. வாங்கும் முன்: இப்போது எத்தனை படிவங்கள், எத்தனை ரிஜிஸ்டர்கள் இருக்கின்றன, எது சட்டப்படி கட்டாயம், எது வழக்கமாகி ஒட்டிக்கொண்டது என்று கணக்கெடுப்பது.

2. வடிவமைக்கும்போது: ஒவ்வொரு கட்டத்துக்கும் பொருள் வரையறுப்பது. 'வயது' என்றால் சொன்ன வயதா, ஆவணத்தில் உள்ள வயதா? 'முகவரி' என்றால் சொந்த ஊரா, இப்போது தங்கியிருக்கும் ஊரா?

3. பழைய தகவலை ஏற்றும்போது: இரட்டைப் பதிவுகளைக் களைந்துவிட்டு ஏற்றுவது. குப்பையோடு ஏற்றினால் புது மென்பொருளிலும் அதே குப்பைதான் இருக்கும்.

4. சோதனையின்போது: திங்கட்கிழமைக் காலைக் கூட்டம், நினைவில்லாத நோயாளி, இரட்டைக் குழந்தை, ஒரே பெயரில் இருவர் என்று நிஜத்தில் நடப்பதை வைத்துச் சோதிப்பது.

5. தொடங்கிய பிறகு: மாதாமாதம் பிழைகளைக் கணக்கெடுத்து, எந்தக் கவுண்டரில் எந்த நேரத்தில் பிழை கூடுகிறது என்று பார்த்துச் சரிசெய்வது. பெரும்பாலும் காரணம் ஆளின் அலட்சியமாக இருக்காது. ஒரு ஆளுக்கு முன்னால் நிற்கிற கூட்டமாக இருக்கும்.

ஐந்தாவதை மட்டும் இன்னொரு தரம் படியுங்கள். ஒரு நோயாளிக்கு அரை நிமிஷம்தான் இருக்கிறது என்றால், இருபது கட்டங்களை நிரப்பச் சொல்லும் மென்பொருளில் பிழை வரத்தான் செய்யும். எந்த ஐந்து கட்டங்கள் அவசியம் என்று சொல்லத் தெரிந்தவர் இருந்தால், வரிசையும் வேகமாக நகரும், பதிவும் சரியாக இருக்கும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

பதிவைக் காப்பது அலுவலர் வேலை என்றாலும், முதல் தகவலைக் கொடுப்பது நாம்தான்.

• ஆதாரில் உள்ளபடியே பெயரைச் சொல்லுங்கள். எழுத்துக்கூட்டைக் கேட்டால் சொல்ல அட்டையோ அதன் படமோ போனில் இருக்கட்டும். இனிஷியல் மாறியிருந்தால் பழைய இனிஷியலையும் சொல்லுங்கள்.

• முன்பு வந்திருக்கிறீர்களா என்று கேட்டால் யோசித்துப் பதில் சொல்லுங்கள். பழைய ஓ.பி. சீட்டு, ஐ.பி. எண் இருந்தால் காட்டுங்கள். "புதுசாவே போடுங்க" என்று சொல்லாதீர்கள்.

• போன் எண் மாறினால் மருத்துவமனையிலும் பிக்மி, ஆபா பதிவுகளிலும் மாற்றச் சொல்லுங்கள். பயன்படுத்தாமல் விட்ட எண் வேறொருவருக்குப் போய்விடும். உங்கள் ஆய்வு முடிவும் அவருக்கே போகும்.

• ஒத்துக்கொள்ளாத மருந்து எதுவென்று ஒவ்வொரு முறையும் நீங்களாகவே சொல்லுங்கள். கணினியில் இருக்கும் என்று விட்டுவிடாதீர்கள்.

• டிஸ்சார்ஜ் சம்மரியை வாங்கியதும் அங்கேயே நின்று பெயர், வயது, நோய், ஆபரேஷன் செய்த பக்கம் இடதா வலதா என்று படித்துப் பாருங்கள். போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

• உங்கள் சிகிச்சைக் குறிப்பின் நகலைக் கேட்பது உரிமை. நோயாளியோ அவர் அனுமதித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்றும், உள்நோயாளிக் குறிப்புகளை 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்றும் மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதிகள் சொல்கின்றன.

• பிழை இருந்தால் சண்டை போட வேண்டாம். எழுத்தில் கொடுங்கள். எந்தப் பதிவு, என்ன பிழை, சரியானது எது, அதற்கான ஆதாரம் என்ன என்று நாலு வரி போதும். ஒரு நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

• உதவிக்கு: மருத்துவ ஆலோசனைக்கும் புகார்களுக்கும் 104. ஆபா எண் தொடர்பாக 14477.

உங்களை நீங்களே சோதித்துப் பாருங்கள்

1. உங்கள் வீட்டில் எத்தனை பேர் ஒரே போன் எண்ணை மருத்துவமனையில் கொடுத்திருக்கிறீர்கள்?

2. வீட்டுப் பெரியவரின் பெயர் ஆதார், ரேஷன் கார்டு, காப்பீட்டு அட்டை மூன்றிலும் ஒரே மாதிரி இருக்கிறதா?

3. அவருக்கு ஒத்துக்கொள்ளாத மருந்து எது என்று வீட்டில் அவரைத் தவிர வேறு யாருக்காவது தெரியுமா?

மூன்றில் ஒன்றுக்காவது பதில் தெரியவில்லையென்றால், இன்று சாயங்காலம் பத்து நிமிஷம் ஒதுக்குங்கள். அட்டைகளை எடுத்து வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். மாறியிருந்தால் அருகில் உள்ள இ-சேவை மையத்தில் திருத்த விண்ணப்பிக்கலாம். நோய் வந்த பிறகு இதற்கு நேரம் இருக்காது.